ரினியூவல் நாள்

இது நாற்காலியால் வருகிற வலிதான். போன வாரமும் வந்தது, எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனதும் போய்விட்டது, அப்போதும் இதே இடம்தான், முதுகு முடிந்து இடுப்பு தொடங்குகிற இடம். நல்ல நாற்காலிகளை நீலக் கயிற்றுக்காரர்கள் காலையிலேயே உருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கழுத்தில் ஆரஞ்சுக் கயிறு தொங்குகிறவர்களுக்கு மிஞ்சுவது இப்படிக் கைப்பிடி ஆடுவதும், சாய்ந்தால் பின்னால் மல்லாத்துவதும்தான். நீலம் என்றால் கம்பெனி ஆள், ஆரஞ்சு என்றால் கான்ட்ராக்ட் ஆள். கயிற்றைப் பார்த்து யாரும் யாரையும் மட்டமாக நடத்தக் கூடாது என்பது இங்கே விதி, சேர்ந்த அன்றைக்குப் போட்டுக் காட்டிய வீடியோவில் ஒரு பெண் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் லிஃப்டில் ஏறுகிறவர்களின் கண் முதலில் கழுத்துக்குத்தான் போகும், அப்புறம்தான் முகத்துக்கு வரும், பல சமயம் வராமலே போய்விடும். வலியை நினைக்காதே, ஸ்கிரீனைப் பார். இன்ஷூரன்ஸ் சாஃப்ட்வேர். மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. உனக்கு வீட்டிலும் அதே வேலைதானே சுகி என்பான் என் வீட்டுக்காரன் அன்பரசன். பாலிசி எடுப்பவரின் பிறந்த தேதியை நாளைக்கு என்று கொடுத்துப் பார்க்க வேண்டும். கொடுக்கிறேன். சிவப்பு எழுத்தில் வருகிறது, பிறந்த தேதி இன்றைக்குப் பிறகு இருக்கக் கூடாது என்று. சரியாகத்தான் வேலை செய்கிறது. அடுத்த மாதம் என்று கொடுக்கிறேன், அதே சிவப்பு. ஆறு மாதம் தள்ளிக் கொடுக்கிறேன், அந்தத் தேதியை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பது எனக்குத் தெரியும், மேடவாக்கத்தில் டாக்டரம்மா சீட்டில் எழுதிக் கொடுத்த தேதி. அதே சிவப்பு. உடனே அழித்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்.

இந்த அறைக்கு லேப் என்று பேர். உள்ளே எலி கிடையாது, குடுவை கிடையாது, நாங்கள்தான். வெளிநாட்டு ஆட்களின் வியாதி விவரமெல்லாம் ஸ்கிரீனில் வருவதால் போன் கொண்டுவரக் கூடாது, பேனாகூடக் கூடாது, எல்லாவற்றையும் வெளியே லாக்கரில் வைத்துவிட்டு கார்டைத் தேய்த்து உள்ளே வர வேண்டும், கார்டைத் தேய்த்துத்தான் வெளியேயும் போக வேண்டும். அதனால் ஆரஞ்சுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, ரினியூவல் நாளன்று யாரும் லேபுக்குள் காலை வைக்க மாட்டார்கள். ஆறு மாதக் கான்ட்ராக்ட் முடிகிற அன்று எந்த நேரத்திலும் கார்டு செத்துப்போகும், புதுசுக்கு உயிர் வரச் சமயத்தில் மறுநாள்கூட ஆகும், அதனால் கான்டீனிலேயே ஒரு டீயை வைத்துக்கொண்டு போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு இன்றைக்கு ரினியூவல். நான் உள்ளே இருக்கிறேன். கிளையன்ட் கால் இருக்கு சுகந்தி, நீங்க இருந்தா நல்லாருக்கும் என்றாள் வைதேகி. அவள் நீலம், எங்கள் டீம் லீட். கெட்டவள் இல்லை, கேட்கும்போதுகூட கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டாள். வரமாட்டேன் என்றால் ஏன் என்பாள். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி, அதற்கடுத்து, கடைசியில் அங்கே வந்து நிற்பார்கள். அதற்குக் கார்டு செத்தாலும் பரவாயில்லை என்று வந்து உட்கார்ந்துவிட்டேன். கால் நீட்டி உட்கார முடியவில்லை. வலி இப்போது முன்பக்கமாக வருகிறது. இல்லை, வரவில்லை. மத்தியானம் கான்டீன் சாம்பாரில் துவரம்பருப்பை வேகவே விடவில்லை, வாயுவாக இருக்கும்.

பர்சனல் பிளான். அதற்கு அப்படி ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். என்னை இங்கே அனுப்பியிருக்கிற ஏஜென்சியில் தர்ஷினி என்று ஒரு பெண், குரலை வைத்துப் பார்த்தால் இருபத்தி மூன்று இருக்கும், ஒவ்வொரு ரினியூவலுக்கும் அவள்தான் கூப்பிடுவாள். “ஒரு ஃபார்மாலிட்டிதான் மேடம், அடுத்த ஆறு மாசத்துல ஏதாச்சும் பர்சனல் பிளான் இருக்கா?” ஆண்களிடம் இதைக் கேட்பதில்லை. கல்யாணம் ஆகாதவர்களிடம் கல்யாணத்தைக் கேட்பாள், ஆனவர்களிடம் இதை. அந்தப் பெண்ணுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் இருவரும் ஏதோ ஊட்டிக்கு டூர் போவதைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசிக்கொள்வோம். போன வாரம் கேட்டபோதும் அப்படி எதுவும் இல்லப்பா என்றேன். சொல்லும்போது என் இடது கை வயிற்றின் மேல் இருந்தது. சொல்லியிருந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, யாரும் துரத்த மாட்டார்கள், திட்ட மாட்டார்கள், ப்ராஜெக்ட் தேவை குறைந்துவிட்டது என்று பதில் போட முடியாத ஒரு முகவரியிலிருந்து மெயில் வரும். கான்ட்ராக்ட் போனால் ஏஜென்சி கொடுத்த ஆஸ்பத்திரி அட்டையும் அன்றைக்கே போய்விடும். இரண்டு தடவை தங்காத வயிறு. இந்த முறை ஊசி, ஸ்கேன், தேவைப்பட்டால் கருப்பை வாயில் தையல் என்று டாக்டரம்மா அடுக்கிக்கொண்டே போனார், மூணு மாசம் மட்டும் தாண்டிடுங்க, அப்புறம் நான் பாத்துக்கிறேன் என்றார். அட்டை இல்லாமல் என்னத்தைப் பார்ப்பார்? அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். தொளதொளவென்று இரண்டு குர்தா வாங்கினேன். குமட்டினால் இந்த மாடியில் வாந்தி எடுப்பதில்லை, லிஃப்ட் பிடித்து மேல்மாடிக்குப் போய் எடுத்துவிட்டு, வாய் கழுவி, ஏலக்காயை மென்றுகொண்டு வருவேன். மூன்றாவது மாதம் முடியப் போகிறது. இன்னும் கொஞ்சம். இரு. என் கண்ணு, கொஞ்சம் இரு.

யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதில் ஒரு பெருமைகூட இருந்தது எனக்கு, சொன்னால் வெட்கம். தேவசகாயம் சாரின் கம்பெனியில் ஒரு நாள் மறைத்திருக்க முடியுமா? வடபழனியில் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறையும் ஒரு பால்கனியும், என்னைச் சேர்க்காமல் மொத்தமே எட்டுப் பேர். அங்கேயும் நான் கான்ட்ராக்ட்தான், ஆனால் அது எனக்கே மறந்துபோயிருக்கும். கயிறும் கிடையாது, கார்டும் கிடையாது, கதவுக்கு ஒரு பூட்டு, சாவி முதலில் வருகிறவர் கையில். சார் மார்த்தாண்டம் பக்கம், எல்லோரையும் மக்களே என்றுதான் கூப்பிடுவார். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா கணக்கும் பார்த்துக்கொண்டு எங்களுக்கு மத்தியானச் சமையலும் செய்வார். ஒரு நாள் மீன்குழம்பை நான் தள்ளி வைத்ததைப் பார்த்துவிட்டு அத்தனை பையன்களுக்கும் நடுவில், “ஏ சுகந்தி, நாள் தள்ளியிருக்கா?” என்று கேட்டுவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் கண்ணாடிக் கடைக்காரருக்குக்கூடத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை மீட்டிங்கை சார் ஜெபத்தோடுதான் தொடங்குவார், அந்தத் திங்கள் என் வயிற்றையும் சேர்த்துக்கொண்டார். “ஆண்டவரே, சுகந்திக்க வயித்துல உள்ள பிள்ளைய நீரே காத்துக்கிடும்.” பையன்கள் எல்லோரும் கண்ணை மூடி ஆமென் என்றார்கள். நான் கூனிக் குறுகிப்போனேன், இதென்ன என் வயிறா ஊர்ச் சத்திரமா என்று அன்பிடம் கத்தினேன். நாற்காலிக்குத் தலையணை வந்தது. கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுத்தால் யாராவது அதட்டினார்கள். அது கலைந்தபோது எட்டுப் பேரும் வீட்டுக்கு வந்து நின்றார்கள், ஹாலில் கால் வைக்க இடம் இல்லை, ஆளாளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆளாளுக்கு ஒரு சித்தி கதை, அவளுக்கும் முதலில் இப்படித்தான் கலைந்தது என்று. என் வீட்டில் நான் ஒரு மூலையில் உட்கார்ந்து அழக்கூட விடமாட்டீர்களா என்று ஆத்திரமாக வந்தது. ஸ்டெல்லா அக்கா மட்டும் பாத்ரூமைக் கழுவிவிட்டுப் போனார்.

அதே சார்தான் என்னை அனுப்பினார். ஒரு கஸ்டமர் போய்விட்டான், ஒரு ஆளைக் குறைக்க வேண்டும். பால்கனிக்குக் கூப்பிட்டார், பேசுவதற்கு முன்னாலேயே அழ ஆரம்பித்துவிட்டார். “மத்தவனுவ எல்லாம் நிரந்தரம் மக்களே, எழுதிக் குடுத்திருக்கேன். நீதான் கான்ட்ராக்ட்டு. எனக்க மவள வெளிய விடுத மாதிரி இருக்கு.” மகள் என்றால் மகளை ஏன் அனுப்புகிறீர்கள், மகன்களில் ஒருவனை அனுப்புங்களேன் என்று கேட்கத் தோன்றவே இல்லை எனக்கு. என் கைக்குட்டையை எடுத்து அவருக்குக் கொடுத்தேன். பரவால்ல சார், விடுங்க சார் என்று அவரைத் தேற்றினேன். ஸ்டெல்லா அக்கா நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் கட்டிக் கொடுத்தார், படி இறங்கும்வரை கையை விடவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு சிப்ஸை வாயில் போட்ட பிறகுதான் எனக்கு வேலை போய்விட்டது என்பதே உறைத்தது. அழுதுகொண்டே அனுப்பினாலும் அனுப்பினது அனுப்பினதுதானே. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிற இடத்தில் வேலை செய்யவே கூடாது. இந்தக் கட்டடம் அதற்கென்றே கட்டின மாதிரி இருந்தது. ஏழு மாடி, எந்த மாடியிலும் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. என் பேருக்குப் பதில் ஒரு எண், எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்து, அந்த எழுத்தைப் பார்த்தாலே நான் வெளியாள் என்று தெரிந்துவிடும். ஆயுத பூஜைக்கு நாற்காலியில் ஏறித் தோரணம் கட்டியது நாங்கள் மூன்று ஆரஞ்சுக்காரிகள், அலங்காரப் போட்டிக்குப் போட்டோ எடுக்கும்போது கம்பெனி ஆள் மட்டும் நில்லுங்க என்றார்கள், நாங்களே போனை வாங்கிப் படமும் எடுத்துக் கொடுத்தோம். கோபம் வரவில்லை. போட்டோவில் இல்லை என்றால் யாரும் என்னைப் பார்த்து அழவும் மாட்டார்கள் இல்லையா. சுகமாகத்தான் இருந்தது.

இரண்டாவது போனபோதுகூட சுகமாகத்தான் இருந்தது என்று சொல்ல முடியுமா? வியாழக்கிழமை தொடங்கியது. காய்ச்சல் என்று லீவு போட்டேன். திங்கட்கிழமை வந்தேன். “வீக்எண்ட் எப்படிப் போச்சு சுகந்தி?” என்றாள் வைதேகி, காபியைக் கலக்கிக்கொண்டே. சூப்பரா போச்சு என்றேன். மத்தியானம் தயிர்சாதத்தில் உப்பு இல்லை, அதற்காக அழுதேன், உண்மையாகவே உப்புக்காகத்தான், கண்ணீர் நிற்கவே இல்லை, பக்கத்து மேஜையில் இருந்தவன் ஊறுகாயை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனான். அவன் நல்லவன். எல்லோரும் நல்லவர்கள். அங்கே எட்டுப் பேர் என்னைத் தெரிந்துவைத்துக்கொண்டு தொலைத்தார்கள், இங்கே எண்ணாயிரம் பேர் என்னைத் தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், எது மேல் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன். நான் யாரிடம் கோபப்பட வேண்டும் என்பதே தெரியவில்லை, அதுதான் கடுப்பு, சாரின் மேலாவது கோபப்பட முகம் ஒன்று இருந்தது, வழுக்கையும் கண்ணாடியுமாக. அய்யோ. இது என்ன. இல்லை. வியர்வை. வியர்வையா, எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற குளிரில் எங்கிருந்து வியர்வை. சூடாக இருக்கிறது. தொடை இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள், அசையாதே, அசையாமல் இருந்தால் நின்றுவிடும், போன தடவை எழுந்து நடந்ததால்தான், அப்படியெல்லாம் கிடையாது என்று டாக்டரம்மா சொன்னாரே, அவருக்கு என்ன தெரியும். ஸ்கிரீனில் சிவப்பு எழுத்து அப்படியே இருக்கிறது. எழுந்திரு. லாக்கரில் போன் இருக்கிறது, அன்பைக் கூப்பிடு, டாக்டரம்மாவைக் கூப்பிடு. எழுந்திரு சுகந்தி. நாற்காலியைப் பார்க்காதே.

கதவு. கார்டைத் தேய்க்கிறேன், சிவப்பு. குர்தாவில் துடைத்துவிட்டுத் தேய்க்கிறேன், சிவப்பு. மெதுவாக, வேகமாக, தலைகீழாக. சுவரில் செக்யூரிட்டி போன் இருக்கிறது. “ஐடி நம்பர் சொல்லுங்க மேடம்.” சொன்னேன். “அந்த நம்பர் குளோஸ் ஆயிருச்சே மேடம். நீங்க உள்ள இருக்கிறதா சிஸ்டத்துல காட்டல.” உள்ளதாங்க நிக்கிறேன் என்றேன். “உங்க மேனேஜரை ஒரு மெயில் போடச் சொல்லுங்க, உடனே திறந்துடறோம்.” மரியாதையாகத்தான் பேசினான். வைதேகி ஹெட்போனோடு கிளையன்ட்டிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். கையை ஆட்டுகிறேன், ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டுகிறாள். ஒரு நிமிஷத்தில் எவ்வளவு போகும். கத்தலாம். இந்த அறையில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், கத்தினால் யாராவது வருவார்கள், ஆனால் என்னவென்று கத்துவது, எதைச் சொன்னாலும் அது தர்ஷினி காதுக்குப் போகும், ரினியூவல் இன்னும் வரவில்லை. சீ, என்ன ஜென்மம் நான், கால் வழியாக இறங்கிக்கொண்டிருக்கும்போது ரினியூவலை நினைக்கிறேன். குழந்தை இருந்தால்தானே அட்டை வேண்டும், அட்டை இருந்தால்தானே குழந்தை, இதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறேன், வைதேகி மைக்கை மூடிக்கொண்டு எழுந்து வருகிறாள். “கார்டா? நான் திறந்துவிட முடியாதுப்பா, என் கார்டைப் போட்டு இன்னொருத்தரை விட்டா என் பேர்ல தப்புன்னு எழுதிடுவாங்க. இரு, மெயில் போடறேன்.” பேசிக்கொண்டே அவள் கண் என் கழுத்திலிருந்து கீழே இறங்குகிறது, குர்தாவின் விளிம்புக்கு, லெக்கிங்ஸுக்கு. வெளிர் நீலம் போட்டிருக்கக் கூடாது. “சுகந்தி, என்னாச்சு? பீரியட்ஸா?” என்றாள் மெதுவாக. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போதும் தலையாட்டினேன். அவள் தன் துப்பட்டாவை எடுத்து என் இடுப்பில் சுற்றிவிட்டு, தன் கார்டையே தேய்த்தாள். பச்சை வந்தது.

சிக் ரூம் கட்டில்வரை வைதேகி கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “கிளையன்ட் லைன்ல இருக்காங்க, ரெஸ்ட் எடு, ரினியூவல் வந்துடும், கவலைப்படாத” என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவள் பேரில் இன்றைக்கு எழுதுவார்கள், எனக்காக. அதற்கு நன்றி சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். நர்ஸுக்கு என் வயதுதான் இருக்கும், கை நல்ல சூடாக இருந்தது. பார்த்துவிட்டு, “மேடம், இது பீரியட்ஸ் இல்லயே” என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கம்பெனி ஆளின் ஐடி நம்பர் இருந்தால் ஆம்புலன்ஸை அவளே கூப்பிடலாமாம், எனக்கு ஏஜென்சி சொல்ல வேண்டுமாம், ஏஜென்சி லைன் கிடைக்கவில்லை, நூற்றியெட்டு வண்டி வர ஒரு மணி நேரம் ஆகுமாம். “வீட்டுக்கு போன் பண்ணுங்க மேடம், வண்டி எடுத்துட்டு வரச் சொல்லுங்க” என்று மேஜை போனை என் தலைமாட்டில் வைத்தாள். என் போன் லாக்கரில், லாக்கர் திறப்பதும் அதே கார்டில்தான். அன்பு போன வருஷம் சிம் மாற்றினான், அந்த நம்பரை நான் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை, பேரைத் தொட்டால் அவன் வந்துவிடுவான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தொண்ணூற்றி எட்டு, அதற்கப்புறம் நான்கா ஏழா. இந்த ஊரில் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் வடபழனி ஆபீஸ் லேண்ட்லைன், வாடிக்கையாளர்களுக்குத் தினமும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஏறிய நம்பர். விரல் தானாகப் போட்டுவிட்டது. மணி அடித்தது. மானம் கெட்டவளே, வைத்துவிடு என்று நினைத்தேன். “ஹலோ, யாரு பேசுதது?” அதே குரல். சார் என்றேன், அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை, மூச்சு மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. “சுகந்தியா? மக்களே, எத்தன மாசம்?” என்றார். அன்பையும் டாக்டரம்மாவையும் தவிர நான் யாரிடமும் சொல்லாத விஷயம். “மூணு சார்” என்றேன். நர்ஸ் என் காலடியில் இருந்த துணியை எடுத்துப் பார்த்தாள், மடித்து ஒரு தட்டில் வைத்து மூடினாள், அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. “மூணு” என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன், சாருக்குக் கேட்கவில்லையோ என்று.